போகாத ஊருக்கு வழி

போகாத ஊருக்கு வழி கேட்கிறவனை நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. "வேறு வேலை இல்லையா உனக்கு?" என்றுதான் கேட்பார்கள். ஆனால், யாராலுமே போக முடியாத ஓர் ஊருக்கு 1966-ம் வருஷத்திலிருந்து ஜனங்கள் வழி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அந்த ஊருக்குத் தேசப்படம் உண்டு, பஞ்சாங்கம் உண்டு, புராணம் உண்டு, கல்யாணங்களில் எத்தனை வகை என்று எழுதிய சட்டம் உண்டு, பசுமாடு ஒன்று என்ன விலை என்ற பட்டியல்கூட உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரே கிடையாது!

குளோராந்தா என்பது அதன் பெயர். ஊர் என்று சொன்னது அடக்கத்துக்காக. உண்மையில் அது ஒரு முழு உலகம்.

"இது கதையா, விளையாட்டா?" என்று கேட்பீர்கள். இரண்டுந்தான். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் சூத்திரதாரி. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் வியாபாரி, இன்னொருவன் மாடு மேய்க்கிறவன். "ஆற்றங்கரையில் படகு கட்டிக் கிடக்கிறது. படகோட்டியைக் காணோம். என்ன செய்கிறீர்கள்?" என்று சூத்திரதாரி கேட்கிறார். அவரவர் பாத்திரத்துக்கு ஏற்றபடி பதில் சொல்ல வேண்டும். காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். எழுதி வைத்த வசனம் கிடையாது. ஜெயித்தவர், தோற்றவர் என்ற பேச்சும் கிடையாது. இருட்டியதும் புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த வாரம் விட்ட இடத்தில் தொடங்குவார்கள்.

"தொடரும்" என்ற ஒரு சொல் எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுக்கும் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்குத் தெரியாததல்ல. இந்த ஆட்டத்தில் ஒரு சௌகரியம் என்னவென்றால், அடுத்த வாரம் கதாநாயகி என்ன செய்யப் போகிறாள் என்பதைத் தீர்மானிக்கிறவரும் நீங்களேதான்.

இப்படிப்பட்ட ஆட்டம் முதன் முதலில் அச்சாகி வெளிவந்தது 1974-ல், அமெரிக்காவில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. அதற்குப் பிறகு எத்தனையோ கற்பனை உலகங்கள் தோன்றின. பல உலகங்கள் இரண்டு மூன்று வருஷங்களில் வற்றிப் போயின. குளோராந்தா வற்றவில்லை. ஏன்?

"விவரம் அதிகம், அதனால்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. விவரம் டெலிபோன் டைரக்டரியிலுங்கூட அதிகம்தான். அதைப் பிரியமாக எடுத்துப் படித்தவர் யார்? விஷயம் வேறெங்கோ இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் தேடிப் பார்க்கலாம்.

முதலில், இந்த உலகத்தைப் படைத்த பிரம்மாவைப் பற்றி. அவர் பெயர் கிரெக் ஸ்டாபோர்ட். 1948-ல் பிறந்தவர். விஸ்கான்ஸின் மாகாணத்தில் பெலாய்ட் கல்லூரியில் பதினெட்டு வயதில் சேர்ந்தவர், புராணக் கதைகளில் வெகு ஈடுபாடு கொண்டு, தாமே ஒரு புராணத்தை எழுத ஆரம்பித்தார். கதைகளைப் பதிப்பாளருக்கு அனுப்பினார். அவை திரும்பி வந்தன. கதைகளைத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழிலிலும் ஒரு பகுதிதான். ஆகையால் அந்தப் பதிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. கதையாக வெளியிட முடியாததை ஸ்டாபோர்ட் ஆட்டமாகச் செய்தார். கேயாஸியம் என்ற சொந்த ஸ்தாபனத்தைத் தொடங்கி, 1975-ல் 'வெள்ளைக் கரடியும் செந்நிலவும்' என்று பொருள்படும் பெயருள்ள ஒரு பலகை ஆட்டத்தை வெளியிட்டார். ஸ்டீவ் பெரின் முதலிய நண்பர்கள் சேர்ந்து, அந்த உலகத்துக்குள்ளேயே வேடமேற்று ஆடும் 'ரூன்குவெஸ்ட்' என்ற ஆட்டத்தை 1978-ல் கொண்டு வந்தார்கள்.

இனி, உலகத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

குளோராந்தாவில் பூமி உருண்டை அல்ல. கனசதுரமான ஒரு பெரிய மண்கட்டி சமுத்திரத்தில் மிதக்கிறது. மேலே வானம் கவிழ்த்த கிண்ணம் போல் இருக்கிறது. சூரியன் ஒரு தேவன். இரவில் பாதாளத்தின் வழியே நடந்து, காலையில் மறுபடி கிழக்கே வருகிறான். வருஷத்துக்கு 294 நாட்கள். கடல், நெருப்பு, மண், இருள், புயல் என்று ஐந்து பருவங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் எட்டு வாரங்கள். கணக்குப் போட்டால் 280 நாட்கள்தான் வரும். மீதிப் பதினான்கு நாட்கள் எங்கே? அவை புனித காலம். அந்த இரண்டு வாரங்களில் ஊர் ஊராக ஜனங்கள் கூடி, உலகம் பிறந்த கதையை நடித்துக் காட்டுவார்கள். அப்படி நடித்துக் காட்டாவிட்டால் வரும் வருஷம் சரியாக விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

அங்கே பிராக்ஸ் என்று ஒரு வறண்ட சீமை இருக்கிறது. அங்குள்ளவர்கள் காட்டெருமை, மான், ஒட்டக ஜாதியைச் சேர்ந்த லாமா, காண்டாமிருகம் இவற்றின் மேல் ஏறிச் சவாரி செய்யும் நாடோடிகள். ஒரு காலத்தில் பெரும் பஞ்சம் வந்ததாம். எல்லாருக்கும் உணவு இல்லை. மனிதன் புல்லைத் தின்பதா, மிருகத்தைத் தின்பதா என்ற கேள்வி எழுந்தது. வாஹா என்ற தேவன் ஒவ்வொரு இனத்துக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு போட்டி வைத்தான். தோற்றவர் அறிவை இழந்து புல் மேய வேண்டும். ஜெயித்தவர் அவர்களைக் காத்து, அவர்களையே உண்டு வாழலாம். பெரும்பாலும் மனிதரே ஜெயித்தார்கள். ஆனால் மொரோகாந்த் என்ற ஒரு மிருக இனத்திடம் மட்டும் மனிதர் தோற்றுப் போனார்கள். ஆகவே அந்த மொரோகாந்துகள் இன்றளவும் மனித மந்தைகளை மேய்க்கின்றன! போட்டியில் ஏதோ கள்ளத்தனம் நடந்தது என்று மற்ற நாடோடிகள் முணுமுணுப்பதும் உண்டு.

சற்று நின்று யோசித்துப் பாருங்கள். இது வெறும் விசித்திரம் அல்ல. ஆட்டத்தில் நீங்கள் பிராக்ஸ் வழியாகப் பிரயாணம் செய்கிற வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு மொரோகாந்த் கூட்டம் கூடாரம் அடித்திருக்கிறது. அவர்கள் நாணயமானவர்கள், நல்ல விலை கொடுக்கிறார்கள், உபசாரமும் செய்கிறார்கள். ஆனால் கூடாரத்துக்குப் பின்னால் மந்தை நிற்கிறது. அதில் நிற்பவர்களுக்கு உங்களைப் போலவே கையும் காலும் முகமும் இருக்கின்றன. இப்போது சரக்கை விற்பீர்களா, மாட்டீர்களா? "எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தந்தானே உங்களுக்கும் உங்கள் மாட்டுக்கும் உள்ளது?" என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இங்கேதான் அந்த விவரங்களின் ரகசியம் இருக்கிறது. அவை அலங்காரத்துக்காக ஒட்டிய ஜரிகை அல்ல. ஒவ்வொரு விவரமும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. குதிரை மேல் ஏறிக்கொண்டு பிராக்ஸுக்குள் போனால் முகம் சுளிப்பார்கள். ஏனென்றால் குதிரை அந்தப் பழைய ஒப்பந்தத்தில் சேராத பிராணி. காரணம் தெரிந்தவன் குதிரையை எல்லையில் விட்டுவிட்டுப் போவான். தெரியாதவன் வம்பை விலைக்கு வாங்குவான். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போய், எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு சரித்திரம் உண்டு என்று கற்றுக்கொண்ட பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"எல்லாம் சரி, சண்டையும் கத்தியும்தானே ஆட்டம்? அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்ற கேள்வி காதில் விழுகிறது. சண்டை இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ரூன்குவெஸ்டில் சண்டை சல்லிசான விஷயம் அல்ல. அடி எங்கே பட்டது, காலிலா, கையிலா, தலையிலா என்பதைக்கூடப் பகடை சொல்லிவிடும். எத்தனை பெரிய வீரனும் ஓர் அடியில் நொண்டியாகலாம். அதனால் அனுபவப்பட்ட ஆட்டக்காரர்கள் வாளை உருவுவதற்கு முன் பேசிப் பார்ப்பார்கள். பிடிபட்டால் பணயத்தொகை கொடுத்து மீள்வார்கள். திறமை வளர்வதற்கும் ஒரு நியாயமான விதி வைத்திருக்கிறார்கள். எந்த வித்தையை உபயோகித்தீர்களோ அதில்தான் முன்னேறலாம். அதுவும், எவ்வளவுக்கெவ்வளவு தேர்ந்திருக்கிறீர்களோ அவ்வளவுக்கவ்வளவு மேற்கொண்டு முன்னேறுவது கஷ்டம். சங்கீதம் கற்றுக்கொண்டவர்கள் இந்த விதியைப் படித்தால் "வாஸ்தவம்" என்று தலையாட்டுவார்கள்.

பெண்களும் அந்த உலகத்தில் ஜன்னல் ஓரத்தில் நின்று கண்ணீர் விடுகிறவர்கள் அல்ல. புயல் தேவன் ஓர்லாந்தின் மனைவி எர்னால்டா, பூமாதேவி. வாளெடுப்பது கணவனின் சுபாவம். வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய போதனை. அவர்களை வணங்கும் ஜனங்களிடம் கல்யாணத்திலேயே பல வகை. ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கல்யாணம் உண்டு. புருஷன் மனைவியின் தலைமையை ஏற்று வாழும் கல்யாணமும் உண்டு. எஸ்ரோலியா என்ற நாட்டில் ராணிகளும் பாட்டிமார்களுந்தான் ஆட்சி. சலானா அராய் என்ற தேவியைப் பின்பற்றுகிற வைத்தியச்சிகள் உயிரை வதைப்பதில்லை என்று விரதம் பூண்டவர்கள். நாலுபேர் வாளோடு போகும்போது வாள் எடுக்காத ஒருத்தியும் கூடப் போகிறாள். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் அவளால்தான் திரும்பி வருகிறார்கள்.

சத்துருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோல்கீன் 1954-ல் தொடங்கி வெளியிட்ட பெரிய கதையில் எங்கோ ஓர் இருண்ட கோட்டையில் துஷ்டன் ஒருவன் இருக்கிறான். அவனை ஒழித்தால் கஷ்டம் விடும். குளோராந்தாவில் அப்படி ஒரு சௌகரியமான துஷ்டன் கிடையாது. செந்நிலவு தேவியின் சாம்ராஜ்யம் இருக்கிறது. அது ஸார்டார் என்ற மலைநாட்டைப் படையெடுத்துப் பிடித்துக்கொண்டது, வரி வசூலிக்கிறது, ஓர்லாந்தின் வழிபாட்டை ஒடுக்குகிறது. ஸார்டார்காரர்கள் பொருமுகிறார்கள். ஆனால் அதே சாம்ராஜ்யத்தில் பெரிய நகரங்கள் உண்டு; கல்வி உண்டு; எங்கும் சேர்க்காதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மதம் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் பிறந்தீர்களோ அதைப் பொறுத்தது நியாயம். இந்த வருஷம் ஸார்டார் விவசாயியாக ஆடியவர், அடுத்த வருஷம் சாம்ராஜ்யத்தின் சிப்பாயாக ஆடலாம். அப்போது அவருக்குப் போன வருஷத்துத் தம் கோபமே கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

இந்த உலகத்தில் வாத்துகளும் உண்டு. பேசுகிற, வாள் பிடிக்கிற, கோபித்துக்கொள்கிற வாத்து ஜனங்கள்! முதலில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கத்தைப் புரட்டினால், ஒரு கலகம் அடங்கிய பிறகு சாம்ராஜ்யம் பழியை அந்த வாத்துகள் மேல் போட்டு, அவற்றின் தலைக்கு விலை வைத்தது என்று எழுதியிருக்கும். சிரித்த வாய் மூடிக்கொள்ளும். வேடிக்கையான ஜனங்கள் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பதை வாத்தை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மையமாக இருக்கும் கதை ஒன்றுதான். ஓர்லாந்துக்குச் சூரிய தேவன் யெல்மின் மேல் பொறாமையும் கோபமும். போட்டி மேல் போட்டி நடந்தது. கடைசியில் ஓர்லாந்து, மரணம் என்ற புதிய ஆயுதத்தை எடுத்துச் சூரியனையே கொன்றுவிட்டான். சூரியன் போயிற்று, உலகம் இருண்டது, பயிர் செத்தது, அழிவு சக்திகள் உள்ளே புகுந்தன. அவனுடைய சொந்த வீடும் தப்பவில்லை. அப்போதுதான் ஓர்லாந்து தான் செய்தது என்ன என்று உணர்ந்தான். அடுத்தவன் மேல் பழி போடவில்லை. ஆறு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாதாளத்துக்கு நடந்தான். அந்த ஆறு பேரில் ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் வியாபாரி, ஒருவன் படிப்பாளி, ஒருவன் கோமாளி, ஒருவன் சாதாரண மனிதன். அங்கே தான் கொன்றவனின் முன்னாலேயே போய் நின்று, சோதனைகளைத் தாங்கி, சமாதானம் செய்துகொண்டான். சூரியன் திரும்ப எழுந்தது. காலம் என்பதே அந்த விடியலில்தான் பிறந்தது.

சூரியனை வணங்குகிறவர்களின் புத்தகத்தைப் புரட்டினாலோ, இதே ஓர்லாந்து வெறும் ராஜத்துரோகி! இரண்டு புத்தகங்களும் அச்சில் இருக்கின்றன. எது சரி என்று ஸ்டாபோர்ட் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கதையைப் படிப்பதோடு விஷயம் முடிவதில்லை. குளோராந்தாவின் ஜனங்கள் தேவர்கள் நடந்த பாதையில் சடங்கின் மூலம் தாங்களும் நடக்கலாம். ஊரில் பஞ்சமோ பகையோ வந்தால், யாராவது ஒருவர் ஓர்லாந்தாகப் புறப்பட வேண்டும். அதாவது, வாள் வீசுகிற கட்டம் வரும்போது வீச வேண்டும். தலை குனிகிற கட்டம் வரும்போது குனிய வேண்டும். 1999-ல் வந்த 'கிங் ஆப் டிராகன் பாஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டிலும் இதே ஏற்பாடு. ஒரு குலத்தின் பொறுப்பு உங்கள் கையில். ஆலோசனை சொல்ல ஏழு பேர். அதில் சடங்குக்குப் புறப்படும் முன் அந்தப் புராணக் கதையைக் கவனமாகப் படித்திருக்க வேண்டும். படிக்காமல் போனால் நடுவழியில் விழிக்க வேண்டியதுதான். பிள்ளைகள் கதை படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நல்லதை மட்டும் சொன்னால் நியாயமாகாது. விவரம் பெருகப் பெருக, புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே மிரண்டு நிற்கிறார்கள். 2014-ல் வெளிவந்த இந்த உலகத்தின் வழிகாட்டிப் புத்தகம் இரண்டு தடித்த பாகங்கள். ஏறக்குறைய 800 பக்கங்கள்! "இதையெல்லாம் படித்து முடித்தபின்தான் உள்ளே வரலாமா?" என்று யாருக்குத்தான் மலைப்பு வராது? உள்ளே இருப்பவர்களோ, எந்தத் தேவன் எந்தத் தேவனுக்கு என்ன உறவு என்று மயிர் பிளக்கும் வாதத்தில் இருப்பார்கள். போதாக்குறைக்கு ஸ்டாபோர்டும் சும்மா இருக்கவில்லை. முன்பு எழுதியதைப் பின்னால் மாற்றி எழுதிவிடுவார். பல வருஷம் பாடுபட்டு ஒருவர் தம் ஆட்டத்தில் கட்டிய ஊர், ஸ்டாபோர்டின் ஒரு புதிய பக்கத்தால் பொய்யாகிவிடும். இந்த விபத்துக்கு ரசிகர்கள் ஒரு வினைச்சொல்லையே உண்டாக்கினார்கள். "நான் கிரெக்கப்பட்டேன்" என்பார்கள்!

ஆனால் நோய்க்கு மருந்தையும் அவரே கொடுத்தார். நீங்கள் ஆடத் தொடங்கிய பிறகு அந்தக் குளோராந்தா உங்களுடையது. என்னுடையதிலிருந்து அது மாறித்தான் இருக்கும், இருக்கட்டும் என்பது அவருடைய கொள்கை. நவராத்திரிக் கொலு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். படி கட்டும் முறை ஒன்று. மரப்பாச்சியும் தசாவதாரமும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் கீழே மணலைக் கொட்டிப் பூங்கா கட்டி, குளத்தில் கண்ணாடித் துண்டைப் பதித்து, பக்கத்தில் ரயிலை நிறுத்தி வைப்பது அந்த வீட்டுக் குழந்தைகளின் பாடு. அதில் யாரும் தப்புக் கண்டுபிடிப்பதில்லை.

இந்தத் தாராளந்தான் குளோராந்தாவைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அது சுகமாக வளர்ந்த பிள்ளை அல்ல. 1984-ல் ரூன்குவெஸ்ட் வேறொரு கம்பெனியின் வெளியீடாக வந்தபோது, இந்த உலகம் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. 1998-ல் ஸ்டாபோர்ட் தம் ஸ்தாபனத்தை விட்டே விலகி, உலகத்தை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேறினார். புதிய புத்தகங்கள் அருகிப் போன நாட்களில் இங்கிலாந்து ரசிகர்கள் 1989-ல் தாங்களே ஒரு பத்திரிகை தொடங்கி, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். 2015-ல் ஸ்டாபோர்ட் கேயாஸியத்துக்குத் திரும்பினார். ரசிகர்களாக வளர்ந்து, அந்த உலகத்தின் புத்தகங்களை வெளியிட்டு வந்தவர்களே ஸ்தாபனத்தின் பொறுப்பையும் ஏற்றார்கள். 2018-ல், குளோராந்தாவையே மறுபடி நடுவில் வைத்து, ரூன்குவெஸ்டின் புதிய பதிப்பு வெளிவந்தது. அதே வருஷம் அக்டோபர் 10-ந் தேதி ஸ்டாபோர்ட் காலமானார்.

படைத்தவர் போனால் படைப்பு நின்றுவிடும் என்பார்கள். இங்கே நிற்கவில்லை. சாவி ஒருவர் இடுப்பில் மட்டும் தொங்கிய வீடு அல்ல அது. விருந்தாளிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி இருந்தது. ஒரு புதிய நடுகூடத்தில் நாலைந்து பேர் கூடி, 800 பக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கிராமத்திலிருந்து தொடங்கினால் போதும். உலகம் மறுபடி ஆரம்பித்துவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ சனிக்கிழமை சாயங்காலம் சிநேகிதர்களைக் கூட்டிவைத்து, பகடையும் பென்சிலுமாக இப்படி ஏதாவது உலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். "யார் ஜெயித்தது?" என்று கேட்டுவிடாதீர்கள், பரிதாபமாக உங்களைப் பார்ப்பார்கள். "அந்த ஊரில் இன்றைக்கு யார் வீட்டில் என்ன சமையல்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தால், பிள்ளை நல்ல உலகத்துக்குத்தான் போய் வருகிறான் என்று நிம்மதியாக இருக்கலாம். பதில் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. அடுத்த வாரம் அங்கே போய்க் கேட்டுக்கொண்டு வருவான்.